பரணில் கிடக்கும் பழைய பேட்டர்ன்... கம்ப்யூட்டரில் பெரிசாக்கும்போது அளவு எங்கே தப்புது?

பழைய ஆசாரி வீட்டுப் பரணைத் துழாவினால் பிரவுன் பேப்பரிலும் காலண்டர் அட்டையிலும் வெட்டிய பேட்டர்ன்கள் கிடைக்கும். கதவுப் பலகைக்கான கொடி, ஊஞ்சல் ஓரத்து வளைவு, பூஜை மாடத்துத் தோரணம் என்று பலதும் இருக்கும். மடித்த இடமெல்லாம் கிழிஞ்சு போயிருக்கும். ஸ்கேன் எடுத்து வைத்தால் வடிவம் தப்பிக்கும், வேண்டிய சைஸுக்கு மாற்றவும் முடியும். வீட்டு பிரின்டரே போதும்.

ஆனால் ஸ்கேன் ஆவது வடிவம்தான். அளவு தனியாகக் கூட வர வேண்டும். பெரும்பாலான தப்பு இங்கேதான் நடக்குது.

காரமடைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் மர டிப்போக்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தேக்கு என்ன விலை என்று தெரிந்தவர்களிடம், தப்பாக அறுத்த பலகையின் நஷ்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கோடு போட்டுட்டு ஸ்கேன் பண்ணுங்க

பேட்டர்ன் பக்கத்தில், அதே தாளில், ஸ்கேல் வைத்து சரியாக 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்க. நிமிர்ந்த வாக்கில் இன்னொன்று. கிழியும் தாள் என்றால் ஸ்டீல் ஸ்கேலையே பக்கத்தில் வைத்து ஸ்கேன் எடுக்கலாம். இனி அந்தப் படம் எங்கே போனாலும் அளவும் கூடவே போகும்.

ஸ்கேனரில் 300 டி.பி.ஐ. போதும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அர்த்தம். ஏ4 தாள் முழுசும் சுமார் 2480-க்கு 3508 பிக்சல் வரும்.

'போனிலேயே போட்டோ எடுத்தா ஆகாதா?' ஆகும், ஆனால் ரிஸ்க். போன் கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கத்து ஓரம் பெரிதாகவும் தூரத்து ஓரம் சின்னதாகவும் விழும். அந்த இரண்டு கோடுகளும் ஒரே நீளத்தில் இல்லையென்றால் படம் கோணல் என்று கண்டுபிடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்க. இல்லையென்றால் பிக்சலும் குறையும், டி.பி.ஐ. குறிப்பும் காணாமல் போகும்.

கணக்கு சின்னதுதான்

வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்க. ஷெல்ஃப் தாங்கி பேட்டர்ன் 160 மி.மீ. உயரம், உங்களுக்கு வேண்டியது 240 என்றால், 150 சதவீதம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், இங்க்ஸ்கேப் எதிலும் செய்யலாம்.

பிரின்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்பதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' வையுங்க. பிரின்டர் சத்தமில்லாமல் 97 சதவீதமாகச் சுருக்கினால், 900 மி.மீ. அகலக் கதவுக்கான பேட்டர்ன் 873-ல் நிற்கும். 27 மி.மீ. குறைவு. அங்குலத்துக்கு எட்டு நூல் என்று எண்ணும் ஆசாரிக்கு இது எட்டரை நூல். ஒரு நூலுக்கே அவர் முகம் சுளிப்பார்.

ஏ4-ஐத் தாண்டும் படத்துக்கு அடோப் ரீடரில் 'போஸ்டர்' என்ற வசதி இருக்கு. படத்தைப் பல தாளாகப் பிரித்து, ஒட்டுவதற்கு விளிம்பும் வெட்டுக் குறியும் போட்டுத் தரும். ஒட்டும் வேலை பிடிக்காதவர்கள் பி.டி.எஃப். கொண்டுபோய் கட்டட வரைபடம் பிரின்ட் போடும் கடையில் பெரிய தாளில் எடுத்துக்கலாம். அங்கேயும் 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லியே கொடுங்க.

எல்லாமே பெரிசாகக் கூடாது

இதைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். அதே தாங்கியில் 18 மி.மீ. பிளைவுட் நுழைய ஒரு காடி இருக்குன்னு வைங்க. 150 சதவீதம் ஆக்கினால் காடியும் 27 மி.மீ. ஆகிவிடும். பிளைவுட் வளரப்போவதில்லையே! 9 மி.மீ. இடைவெளியில் பலகை ஆடும். முதலில் வெளி வடிவத்தைப் பெரிதாக்கிவிட்டு, காடி, ஆணித் துளை, கீல் இடம் எல்லாவற்றையும் உண்மையான அளவில் திரும்ப வரைய வேண்டும்.

சி.என்.சி. ரூட்டருக்குக் கொடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. இங்க்ஸ்கேப்பில் 'ட்ரேஸ் பிட்மேப்' போட்டால், பேனாக் கோட்டின் இரண்டு ஓரத்தையும் அது தனித்தனிக் கோடாக எடுக்கும். அப்படியே அனுப்பினால் மெஷின் ஒரே வளைவை இரண்டு தடவை வெட்டும். தேவையில்லாத கோட்டை நீக்கிவிட்டு டி.எக்ஸ்.எஃப். ஆக்குங்க.

அளவைப் படத்துக்குள்ளேயே வைக்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. சிற்ப சாஸ்திரத்தில் உத்தம தச தாலம் என்றால் உருவத்தின் மொத்த உயரம் 124 பங்கு. முகம், கழுத்து, மார்பு எல்லாம் அந்தப் பங்குக் கணக்கில்தான் வரும். உருவம் தேர்ப் பலகையில் ஒரு சாண் இருந்தாலும் சந்நிதியில் ஆளுயரம் இருந்தாலும் விகிதம் மாறாது. மாசி மகத்துக்கு அரங்கநாதர் கோயில் பக்கம் போனால் தேர்ச் சிற்பங்களைக் கொஞ்சம் நின்று பாருங்க.

பிரின்ட் வந்ததும் முதல் வேலை, அந்த 100 மி.மீ. கோட்டை அளப்பதுதான். 150 சதவீதம் என்றால் இரண்டு கோடும் 150 மி.மீ. காட்ட வேண்டும். சரியாக இருந்தால் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி வெட்டி, சுவரில் வைத்துப் பாருங்க. தாள் ஓரத்தில் சதவீதத்தையும் எழுதி வைங்க. அப்புறம் மரத்தில் ரம்பத்தை வைக்கலாம்.