சுழலும் ஒலிபெருக்கி

ஊதிக்கொண்டே இரயில் நெருங்கும்போது சுருதி உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பது டாப்ளர் விளைவு. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணோடு அதன் பயன் தீர்ந்ததென்று எண்ணிவிட வேண்டாம். டொனால்டு லெஸ்லி என்ற அமெரிக்கர் அதைக்கொண்டே ஓர் இசைக்கருவிக்கு உயிரூட்டினார்.

பெரிய கடையொன்றில் இனிமையாக ஒலித்த ஹாமண்ட் மின் ஆர்கனை 1937-இல் அவர் வாங்கினார். சிறிய வீட்டிலோ அது சப்பென்றிருந்தது. குழாய் ஆர்கனில் ஒலி பல இடங்களிலிருந்து வரும். இதிலோ ஒரே இடத்திலிருந்து. ஆகவே ஒலியையே சுற்றவிட்டார்! பெட்டியின் மேலே மோட்டாரால் சுழலும் கொம்பு. கீழே, தாழ்ந்த ஒலிகளுக்கு ஓர் உருளை. கொம்பின் வாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி இம்மியளவு ஏறும், விலகும்போது இறங்கும். ஒலியளவும் கூடிக் குறையும். வானொலிப் பாடத்தில் நாம் படிக்கும் பண்பேற்றம்தான், காதுக்கே கேட்கும்படி! விரைவாகச் சுழன்றால் நொடிக்கு ஏறத்தாழ ஏழு சுற்று; ஒலி நடுங்கும். மெல்லச் சுழன்றால் அலைபோல் அசையும். பார்வைக்குக் கொம்புகள் இரண்டு. ஒன்றில்தான் ஒலி வரும். மற்றது எடையைச் சமன்செய்யும் பொம்மைக் கொம்பு.

ஹாமண்டுக்கு இது பிடிக்கவில்லை, இசைஞர்களுக்குப் பிடித்தது. 1966-இல் பீட்டில்ஸ் குழுவினர் ஜான் லெனனின் குரலையே இதன் வழியாகச் செலுத்திப் பதிவு செய்தனர். இன்று மின்சுற்றும் கணினியும் இதைப்போலவே செய்துகாட்டுகின்றன. ஆயினும், ஒலி அறையைச் சுற்றிச் சுவர்களில் மோதி வரும் அழகை அவை முழுமையாகத் தந்துவிடும் என்று நான் நம்பவில்லை.