ஆன்லைன் இன்டர்வியூ: நடுவில் நெட் கட் ஆனால் என்ன செய்வது?

முதல் கேள்விக்கே பதில் பாதியில் நிற்கிறது. திரை அசையவில்லை. "சார், கேட்குதா?" என்று கத்துகிறீர்கள். வேலை போச்சா? அவசரப்படாதீங்க!

இன்டர்வியூவில் முகத்தைவிடக் குரல் முக்கியம். ஜூமில் நல்ல தரமான வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 600 கிலோபிட் தேவை. குரலுக்கு மட்டும் 60 முதல் 80 போதும். நெட் திணறினால், "வீடியோவை ஆஃப் செய்துவிட்டுப் பேசலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

முந்தைய நாளே செய்ய வேண்டியவை:

* ஆப்பைத் திறந்து மைக், கேமராவைச் சோதியுங்கள்.
* போனில் சேர்கிறீர்களா? நடுவில் அழைப்பு வந்தால் பேச்சு தடைபடும். 'டு நாட் டிஸ்டர்ப்' போடுங்கள்.
* ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும்.
* கரன்ட் போனால் வைஃபையும் போகும். மொபைல் டேட்டா இருக்கட்டும். ஹெச்.ஆர். எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள்.

அப்படியும் கட் ஆனால்? உடனே ஹெச்.ஆருக்கு ஒரு மெசேஜ். திரும்பச் சேர்ந்ததும் ஒரே ஒரு 'சாரி'. விட்ட இடத்திலிருந்து பதிலைத் தொடருங்கள். சிக்கல் வந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!