பெயரில் பாதி சொந்தம்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாற்றைப் புரட்டுவோர் கண்ணில் ஒரு விந்தை படாமற் போகாது. லூசில் பால் என்ற நடிகை ஏற்ற பாத்திரத்தின் பெயர் லூசி ரிக்கார்டோ. டேனி தாமஸ் என்பவர் டேனி வில்லியம்ஸாக வந்தார். ஆண்டி கிரிஃபித், ஆண்டி டெய்லர் ஆனார். மேரி டைலர் மூர், மேரி ரிச்சர்ட்ஸ் ஆனார். முதற்பெயர் நடிகருடையது; பின்னால் வரும் குடும்பப் பெயர் மட்டும் கதாசிரியர் கொடுத்தது. இஃது எங்கோ ஒன்றிரண்டு முறை தற்செயலாக நிகழ்ந்ததன்று. 1950-களில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டு நகைச்சுவைத் தொடர்களில் வேரூன்றி நின்ற வழக்கம் இது.

நம்மில் பலர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தையின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து முன்னே இட்டு, அடுத்து நம் பெயரை எழுதுகிறோம். அவர்களோ சொந்தப் பெயரை முன்னும், குடும்பப் பெயரைப் பின்னும் எழுதுவர். ஆகவே அவர்கள் செய்வது, நம் வழக்கில் சொல்வதானால், தலைப்பெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அதே பெயரில் நாடகத்தில் நடிப்பதற்கு ஒப்பாகும். வேதியியல் படிக்கும் நண்பர்கள் ஐசோடோப்புகளை நினைத்துக்கொள்ளலாம்: அணு எண் ஒன்றே, நிறை எண் வேறு.

இவ்வழக்கம் தோன்றிய இடம் வானொலி. 1932-ஆம் ஆண்டில் வானொலிக்கு வந்த ஜாக் பென்னி, ஜாக் பென்னி என்ற முழுப் பெயரிலேயே ஒரு பாத்திரமாக வாழ்ந்தார். அந்தப் பாத்திரம் கடைந்தெடுத்த கருமி. வயலினை மோசமாக வாசிக்கும். எத்தனை ஆண்டு கழிந்தாலும் வயது 39 என்றே சாதிக்கும். 1950 முதல் 1965 வரை தொலைக்காட்சியிலும் இதே கதைதான். உண்மை வாழ்வில் அவர் கொடையாளி. இசைக்குழுக்களுக்கு நிதி திரட்ட மேடையேறி அதே வயலினை வாசித்தவர். ஆயினும் மக்கள் மனத்தில் நின்றவர் கருமி பென்னியே. (அவர் பிறந்தபோது இட்ட பெயர் பெஞ்சமின் குபெல்ஸ்கி என்பது வேறு செய்தி. சொந்தப் பெயர் என்று நாம் இங்கே பேசுவதே பல வேளைகளில் மேடைக்காகச் சூட்டிக்கொண்டதுதான்.)

முழுப் பெயரோடு நடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கதையில் வேறு மனைவி, வேறு பிள்ளைகள், வேறு தொழில் வேண்டுமானால் என் செய்வது? ஜார்ஜ் பர்ன்சும் கிரேசி ஆலனும் உண்மையிலேயே கணவன் மனைவியர். ஆதலால் தம் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டனர். மற்றவர்களுக்கு அவ்வாறு வாய்க்கவில்லை. குடும்பப் பெயரை மாற்றிவிட்டால் கற்பனைக் குடும்பத்திற்கு இடம் கிடைக்கிறது. முதற்பெயரை விட்டுவைத்தால், ஏற்கெனவே புகழ்பெற்ற நடிகரை இரசிகர்கள் அடையாளம் காண்பதும் எளிதாகிறது. நிகழ்ச்சியின் தலைப்பிலேயே நடிகரின் பெயர் இருக்கும்போது, உள்ளே அவரை வேறொரு பெயரால் அழைப்பது ஒட்டாது என்ற எண்ணமும் இருந்திருக்கலாம்.

சிலரிடம் இது தீராத பழக்கமாகவே ஆயிற்று. டோனி டான்சா என்பவர் 1978-இல் தொடங்கிய 'டாக்சி' தொடரில் டோனி பான்டா. 1984-இல் தொடங்கிய 'ஹூ இஸ் த பாஸ்' தொடரில் டோனி மிசெல்லி. அவருக்கு வேறு பெயரிட்டு அழைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று கேலி பேசுவோர் உண்டு. கேலியில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. அவர் நடிப்பைத் தொழிலாகக் கற்று வந்தவரல்லர், குத்துச்சண்டைக்காரர். 'டாக்சி'யில் அவர் ஏற்றதும் குத்துச்சண்டைக்காரர் பாத்திரமே. நேரில் அமர்ந்திருக்கும் பார்வையாளர் முன் நடிக்கையில், தன் பெயரைக் கேட்டு இயல்பாகத் திரும்புவதும் புதியவர்க்கு ஒரு துணைதானே!

ஆனால் பெயர் ஒன்றாயிருப்பதன் முழு வலிமையும் தெரிய வேண்டுமானால் லூசில் பாலிடம் வர வேண்டும். 1951 அக்டோபரில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரில் அவருடைய கணவராக நடித்தவர் அவருடைய உண்மைக் கணவர் டெசி ஆர்னாஸ். அவருக்கு மட்டும் கதையில் ரிக்கி என்று வேறு பெயர். மறு ஆண்டில் லூசில் பால் கருவுற்றார். அக்காலத்தில் கருவுற்ற நடிகையைத் திரையில் காட்டுவது வழக்கமில்லை. தொடரை நிறுத்துவதா, மேசை நாற்காலிகளுக்குப் பின்னே நிற்க வைத்து மறைப்பதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டும் வேண்டா, லூசி ரிக்கார்டோவும் கருவுறட்டும் என்று முடிவாயிற்று. 'கருவுற்றவள்' என்ற நேரான ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று ஒளிபரப்பு நிறுவனம் தடை விதித்தது. கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டண்ட் போதகர், யூத குரு ஆகிய மூவரிடமும் கதையைக் காட்டி ஒப்புதல் பெற்றனர்!

குழந்தை பிறக்கும் நிகழ்ச்சியை முன்கூட்டியே படமாக்கி வைத்திருந்தனர். அது 1953 ஜனவரி 19, திங்கட்கிழமை இரவு ஒளிபரப்பாயிற்று. அன்று காலையிலேதான் லூசில் பால் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மூலம் ஓர் ஆண் மகவை ஈன்றார். கதையிலும் ஆண் குழந்தையே. கதையை எழுதியவர்கள் முன்பே ஆண் என்று எழுதி வைத்திருக்க, இயற்கையும் அவர்களுக்கு உடன்பட்டது. சுமார் 4 கோடியே 40 இலட்சம் பேர் அந்நிகழ்ச்சியைக் கண்டனர். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதைக் கண்டவர்கள் அதனினும் குறைவு. அதே ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் நாடு முழுமைக்குமாக வெளிவந்த 'டிவி கைடு' இதழின் முதல் அட்டையில் அந்தக் குழந்தையின் படம். 'லூசியின் 5 கோடி டாலர் குழந்தை' என்று தலைப்பு. எந்த லூசி? படம் உண்மைக் குழந்தையுடையது. பணம் கதைக் குழந்தை ஈட்டித் தந்தது. படித்தவர்களுள் எத்தனை பேர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்பது ஐயமே.

அந்த மயக்கம் அதே ஆண்டு செப்டம்பரில் லூசில் பாலைக் காத்தது. 1936-இல் அவர் வாக்காளராகப் பதிவு செய்தபோது கம்யூனிஸ்டுக் கட்சியின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார் என்ற செய்தி வெடித்தது. பாட்டனாரின் மனம் நோகாதிருக்கச் செய்தது என்று விசாரணைக் குழுவிடம் அவர் கூறியிருந்தார். இதனினும் சிறிய குற்றச்சாட்டுகளுக்காக அந்நாளில் பல கலைஞர்கள் வேலையிழந்தனர். படப்பிடிப்புக்குக் கூடியிருந்த பார்வையாளர் முன் டெசி ஆர்னாஸ் நின்று, லூசியிடம் சிவப்பாக இருப்பது அவள் தலைமுடி ஒன்றுதான், அதுவும் சாயம் என்ற பொருள்படப் பேசினார். கூட்டம் ஆரவாரித்தது. தொடர் நிற்கவில்லை. வீட்டுக்குள் வாரந்தோறும் வந்து போகும் அந்த அசட்டு லூசியா அரசைக் கவிழ்க்கப் போகிறாள் என்று மக்கள் எண்ணினர் போலும். பாத்திரத்தின் வெகுளித்தனத்தை நடிகையின் கணக்கில் வரவு வைத்தனர்.

பெயரொற்றுமை வாய்க்காதவர் பட்ட பாட்டையும் இதே தொடரில் காணலாம். அண்டை வீட்டு எத்தல் மெர்ட்ஸாக நடித்தவர் விவியன் வான்ஸ், தேர்ந்த நடிகை. தெருவில் இறங்கினால் மக்கள் அவரை 'எத்தல்' என்றே அழைத்தனர். லூசில் பாலை 'லூசி' என்று அழைத்தால் அது அவர் பெயர்தான். விவியனை 'எத்தல்' என்று அழைத்தால் அவர் சொந்தப் பெயரையே இழந்தவராகிறார். லூசில் பாலும் டெசியும் 1960-இல் மணவிலக்குப் பெற்ற பின், 1962-இல் 'த லூசி ஷோ' என்ற புதுத் தொடர் தொடங்கிற்று. அதில் லூசி கார்மைக்கேல் கணவனை இழந்தவள். தோழியாக நடிக்க விவியனை அழைத்தபோது, பாத்திரத்திற்குத் தம் பெயரையே இட வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்தார். அவ்வாறே விவியன் பாக்லி பிறந்தாள். சம்பளத்தைப் போலவே பெயரையும் பேரம் பேசிப் பெற்றவர் அவர்! என் கருத்தில் இவ்வரலாறு முழுவதிலும் மிகத் தெளிவாகச் சிந்தித்தவர் விவியன் வான்ஸே.

கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே அறிவு இன்னொருவர் வாயிலாக வெளிப்பட்டது. 1990-இல் 'த ஃபிரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' தொடங்கியபோது வில் ஸ்மித் இளம் பாடகர், நடிப்புக்குப் புதியவர். பாத்திரத்திற்கு உன் சொந்தப் பெயரையே வைத்துக்கொள், வாழ்நாள் முழுதும் மக்கள் உன்னை அப்பெயரால்தான் அழைக்கப் போகிறார்கள் என்று உடன் நடித்த அல்ஃபோன்சோ ரிபெய்ரோ அறிவுரை கூறியதாக வில் ஸ்மித்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வில் அதைக் கேட்டார். அறிவுரை சொன்ன ரிபெய்ரோ ஏற்றதோ கார்ல்டன் என்ற பாத்திரம். இன்றும் பலர்க்கு அவர் கார்ல்டன்தான்.

பெயரைக் கொடுப்பவர்கள் எங்கே கோடு கிழிக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. லூசில் பால் 1968-இல் தொடங்கிய மூன்றாம் தொடரில் தம் மக்களான லூசியையும் டெசி இளையவரையுமே தம் பிள்ளைகளாக நடிக்க வைத்தார். ஆனால் அவர்களுக்குப் பாத்திரப் பெயர்கள் கிம், கிரெய்க். ரே ரொமானோ 1996 முதல் 2005 வரை 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' தொடரில் ரே பரோன் ஆனார். அவருக்கு உண்மையிலேயே மாத்யூ, கிரெகரி என இரட்டை மகன்கள் உண்டு. தொடரின் முதல் நிகழ்ச்சியில் கதைப் பிள்ளைகளுக்கும் அவையே பெயர்கள். அடுத்து வந்த நிகழ்ச்சிகளில் மைக்கேல், ஜெஃப்ரி என்று மாற்றிவிட்டனர். தன் பெயரைக் கொடுத்த தந்தை, பிள்ளைகளின் பெயரை மீட்டுக்கொண்டார். வேறொருத்தியைத் தாய் என்று அழைக்கும் பிள்ளைகளுக்குத் தம் மக்கள் பெயர் இருப்பது எவர்க்கும் உறுத்தத்தானே செய்யும்.

இனி, பெயர் பகிர்ந்தவர்கள் விலை கொடுத்த கதை. எலன் டிஜெனரஸ் நடித்த தொடர் 1994-இல் வேறு பெயரில் தொடங்கிப் பின் 'எலன்' என்றே பெயர் மாறிற்று. பாத்திரத்தின் பெயர் எலன் மார்கன். 1997 ஏப்ரலில் 'டைம்' இதழின் அட்டையில், தாம் பெண்களையே விரும்புபவர் என்பதை எலன் டிஜெனரஸ் வெளிப்படையாக அறிவித்தார். அம்மாதம் 30-ஆம் நாள் எலன் மார்கனும் கதையில் அதையே அறிவித்தாள். பெயர் வேறாக இருந்திருந்தால் நடிகை பேசுவது வேறு, பாத்திரம் பேசுவது வேறு என்று ஒதுங்கிக்கொள்ள ஓர் இடமிருந்திருக்கும். இங்கே அந்தத் திண்ணை இல்லை. 4 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். சில விளம்பரதாரர்கள் விலகினர். அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகர நிலையம் அந்நிகழ்ச்சியை ஒளிபரப்பவே மறுத்தது. மறு ஆண்டில் தொடர் நின்றது. நடிகைக்கும் சில காலம் வாய்ப்புகள் வறண்டன. 2003-இல் உரையாடல் நிகழ்ச்சி ஒன்றின் மூலமே அவர் மீண்டும் முழுமையாக நிமிர்ந்தார்.

ரோசான் பார் கதை இதன் மறுபுறம். 1988-இல் தொடங்கிய 'ரோசான்' தொடரில் அவர் ரோசான் கானர். உழைத்தும் கடன் தீராத குடும்பத்துத் தாய். அத்தகைய வீட்டை, பழைய சோபாவும் கட்டப்படாத கட்டண இரசீதுகளுமாக, அமெரிக்கத் தொலைக்காட்சி அவ்வளவு நேராகக் காட்டியது அரிது. தொடக்கத்திலேயே ஒரு வழக்கு மூண்டது: பாத்திரத்தைப் படைத்தவர் என்ற சிறப்பு மேட் வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர் பெயரில் திரையில் வந்தது. மேடையில் பல ஆண்டு தாம் பேசி வளர்த்த பாத்திரம் அது என்பது ரோசானின் குமுறல். பெயர் தன்னுடையதாயிருந்தும் படைப்பு பிறருடையது என்று எழுதப்பட்டால் கோபம் வராதா?

1997-இல் முடிந்த தொடர் 2018 மார்ச்சில் மீண்டும் வந்து, முதல் இரவிலேயே 1 கோடியே 80 இலட்சம் பேரை ஈர்த்தது. மே 29-ஆம் நாள், ஒபாமாவின் ஆலோசகராயிருந்த கறுப்பினப் பெண்மணி ஒருவரை இழித்து ரோசான் பார் டுவிட்டரில் எழுதினார். சில மணி நேரத்திற்குள் நிறுவனம் தொடரையே நிறுத்தியது. எழுதியவர் ரோசான் பார். கானர் குடும்பத்தாரும், அவர்களாக நடித்தவர்களும், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களும் சேர்ந்து தண்டனை பெற்றனர். அவர்கள் பிழைப்புக்கு வழி தேட வேண்டியிருந்தது. ரோசான் பார் தம் பங்கையும் உரிமையையும் விட்டுக்கொடுக்க, அக்டோபர் 16-ஆம் நாள் 'த கானர்ஸ்' என்று தொடர் மீண்டும் எழுந்தது. முதற்பெயரை நீக்கிக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்; நடிகையுடையது எதுவோ அது போயிற்று, கதாசிரியர் கொடுத்தது எதுவோ அது நின்றது. வலி நிவாரணி மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்டு ரோசான் கானர் இறந்துவிட்டாள் என்று கதை சொன்னது.

அந்தத் தொடர் ஏழு பருவங்கள் ஓடி 2025 ஏப்ரலில் முடிவுற்றது. கடைசி நிகழ்ச்சியில் குடும்பத்தார் எல்லாரும் ரோசானின் கல்லறைக்குச் சென்று அமர்ந்தனர். அவ்வேளையில் ரோசான் பாருக்கு வயது 72.