இணையத்தில் வாக்களிப்பு: வசதியும் ஐயமும்

புதுதில்லி: வாக்குச் சாவடிக்குச் செல்லாமலேயே செல்பேசி மூலம் வாக்களிக்கும் வாய்ப்பை, 2025 ஜூன் 28-ம் தேதி நடைபெற்ற நகராட்சித் தேர்தல்களில் பிகார் மாநிலத் தேர்தல் ஆணையம் அளித்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், பிழைப்புக்காக வெளியூர் சென்றோர் ஆகியோரை மனதில் கொண்டு கொண்டுவரப்பட்ட திட்டம் இது. 2011-ல் குஜராத்திலும் உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்குப் பதிவு பரிசோதிக்கப்பட்டது.

எனினும், மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களில் இம்முறைக்கு இடமில்லை. மின்னணு வாக்குப் பதிவு இயந்திரம் எந்த வலைப்பின்னலுடனும் இணைக்கப்படுவதில்லை என்பதே அதன் பாதுகாப்புக்குத் தேர்தல் ஆணையம் கூறும் முக்கிய வாதம். ராணுவத்தினருக்கான தபால் வாக்குச் சீட்டும் இணையம் வழியாக அனுப்பப்படுகிறதே தவிர, நிரப்பப்பட்ட சீட்டு தபாலில்தான் திரும்ப வருகிறது. 2019 மக்களவைத் தேர்தலில் சுமார் 18 லட்சம் பணி வாக்காளர்கள் இதற்குப் பதிவு செய்திருந்தனர்.

வெளிநாடுவாழ் இந்தியர்களின் நிலை வேறு. 2010-ம் ஆண்டு சட்டத் திருத்தம் அவர்களுக்கு வாக்குரிமை வழங்கியது. ஆனால், சொந்தத் தொகுதிக்கு நேரில் வந்தால்தான் வாக்களிக்க முடியும். விமானக் கட்டணத்துக்கு வழியில்லாத தொழிலாளிக்கு அது ஏட்டளவிலான உரிமையே.

அப்படியெனில் இணையத்தைத் திறந்துவிட ஏன் தயக்கம்? வாக்குச் சாவடியின் மறைவிடத்தில் வாக்காளருடன் வேறு யாரும் நிற்க முடியாது. வீட்டிலோ, வேலையிடத்திலோ கணவர், முதலாளி, கட்சிக்காரர் என எவரும் அருகில் நின்று கட்டாயப்படுத்தலாம்; பணம் கொடுத்தவர் கண்ணெதிரே சரிபார்க்கலாம். செல்பேசிக்குள் ஊடுருவிய தீய மென்பொருள், வாக்காளர் அறியாமலேயே வாக்கை மாற்றவும் கூடும்.

2005 முதல் இணையத்தில் வாக்களிக்க அனுமதிக்கும் எஸ்டோனியா, கட்டாயப்படுத்தலுக்கு ஒரு மாற்று கண்டது: வாக்காளர் தமது வாக்கை மீண்டும் பதிவு செய்யலாம்; இறுதியாக அளித்ததே எண்ணப்படும். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கு பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையத்தில் பதிவாயின. நார்வேயோ 2011, 2013 தேர்தல்களில் சோதித்துவிட்டு, 2014-ல் அம்முயற்சியைக் கைவிட்டது.

வென்றவரைத் தொழில்நுட்பம் விரைவில் அறிவித்துவிடும். தோற்றவரும் அவருடைய ஆதரவாளர்களும் அம்முடிவை ஏற்க வேண்டுமானால், வாக்கு சரியாக எண்ணப்பட்டதைச் சாமானியரும் சரிபார்க்க வழி வேண்டும். அவ்வழி கிடைக்கும் வரை, சிறு தேர்தல்களில் சோதிப்பதே விவேகம்.