ஜன்னல் சீட்ல மிஸ்டர் செலோ!

ஒரு சின்ன கணக்கு. கால்குலேட்டரைத் தேடாதீங்க, மனக்கணக்கே போதும்.

நியூயார்க்ல இருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு ஃப்ளைட்ல போறீங்க. தூரம் சுமார் 2,475 மைல். பக்கத்து சீட்டையும் நீங்களே காசு கொடுத்து வாங்கிட்டீங்க. ஆக, ரெண்டு சீட், ரெண்டு டிக்கெட் பணம். இப்போ சொல்லுங்க... உங்க கணக்குல எத்தனை மைல் ஏறும்?

'இதென்ன கேள்வி, 4,950'னு சொன்னவங்க எல்லாம் என் கட்சி. நானும் அப்படித்தான் நினைச்சேன். ம்ஹூம்! பெரும்பாலான ஏர்லைன்ஸ்ல ஒரு சீட்டுக்குத்தான் மைல். ரெண்டாவது சீட்டுக்கு முட்டை!

அது என்ன மைல், கணக்குல ஏறுறதுன்னு கேட்கிறவங்களுக்காக ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1978 வரைக்கும் அமெரிக்காவுல எந்த ரூட்ல யார் பறக்கணும், என்ன டிக்கெட் விலைன்னு அரசாங்கமே முடிவு பண்ணிட்டு இருந்தது. அந்த வருஷம் சட்டம் போட்டு அதைத் தளர்த்தினாங்க. உடனே ஏர்லைன்ஸுக்குள்ளே அடிதடி போட்டி. வந்த கஸ்டமர் பக்கத்து கம்பெனிக்கு ஓடாம இருக்கணுமே? 1981 மே மாசம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தை ஆரம்பிச்சாங்க. பறக்கிற தூரத்தைச் சேர்த்து வெச்சா ஒரு நாள் ஃப்ரீ டிக்கெட். அடுத்த சில நாட்கள்லயே யுனைடெட்டும் அதே ரூட்டைப் பிடிச்சுட்டாங்க. ரொம்ப வருஷத்துக்கு அமெரிக்காவுக்குள்ளே ஒரு போய்-வர்ற ஃப்ரீ டிக்கெட்டுக்கு 25,000 மைல்ங்கிறதுதான் வழக்கமான ரேட். நம்ம நியூயார்க் - லாஸ் ஏஞ்சலீஸ் கணக்குப்படி அஞ்சு தடவை போய் வந்தா கிட்டத்தட்ட தொட்டுடலாம். ரெண்டாவது சீட்டுக்கும் மைல் கொடுத்திருந்தா மூணு தடவையிலேயே ஃப்ரீ டிக்கெட் கையில!

சரி, எந்த மகராசன் ரெண்டு சீட் வாங்குறான்?

செலோ வாசிக்கிறவங்க வாங்குறாங்க. செலோ தெரியும்ல... வயலினுக்குப் பெரியண்ணன். உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவுல நிறுத்தி வாசிப்பாங்க. பெட்டியோட சேர்த்தா நாலடிக்கு மேல உயரம். தலைக்கு மேல இருக்கிற லாக்கர்ல நுழையாது. கார்கோவுல போட்டா குளிரு, இடி, உருட்டல்னு அது எந்த நிலைமையில வெளியே வரும்னு சொல்ல முடியாது. முந்நூறு வருஷம் பழசான மரம்னா யோசிச்சுப் பாருங்க! அதனால பக்கத்து சீட் வாங்கி, பெல்ட் போட்டு உட்கார வெச்சுடுவாங்க. பெரும்பாலும் ஜன்னல் சீட். அப்பதான் எமர்ஜென்சியில யாருக்கும் வழியை மறைக்காது.

லின் ஹாரெல்னு ஒரு அமெரிக்க செலோ மேதை. 1964ல கிளீவ்லாண்ட் ஆர்க்கெஸ்ட்ராவுல தலைமை செலிஸ்ட் ஆனப்போ அவருக்கு வயசு 20. (என் வயசுதாங்க. நான் இன்னும் அரியரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்!) பிற்காலத்துல தனியா கச்சேரி பண்ண ஊர் ஊரா பறந்தார். ஒவ்வொரு தடவையும் ரெண்டு டிக்கெட். செலோ பேர்லயே டெல்டா ஏர்லைன்ஸோட 'ஸ்கைமைல்ஸ்' திட்டத்துல ஒரு கணக்கு. பேரு என்ன தெரியுமா... 'மிஸ்டர் செலோ ஹாரெல்'!

2001லேயே 'இதெல்லாம் செல்லாது'ன்னு டெல்டா அவருக்குச் சொல்லியிருக்காங்க. ஆனாலும் செலோ டிக்கெட்டுக்கு மைல் ஏறுறது நிக்கலை. 2012ல வந்தது பாருங்க ஒரு லெட்டர்! செலோவோட கணக்கு க்ளோஸ். அதோட விட்டாங்களா? அவரோட சொந்தக் கணக்கும் க்ளோஸ். அதுல இருந்த மைல் மொத்தமும் போச்சு. இனிமே அந்தத் திட்டத்துல அவர் சேரவே கூடாதுன்னு தடை வேற. ஹாரெல் அந்த லெட்டரைப் பகிரங்கமா வெளியிட, உலகம் முழுக்க செய்தி ஆகிடுச்சு.

ரூல்ஸ் தெரிஞ்சும் மீறினது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா செலோ சேர்த்த மைலைப் பிடுங்கினா போதாதா? அந்த மனுஷன் சொந்த உடம்போட உட்கார்ந்து பறந்து சேர்த்ததையும் ஏன் சேர்த்துப் பிடுங்கணும்? எனக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் படுது.

ஏர்லைன்ஸ் தரப்பு நியாயத்தையும் கேட்டுடுவோம். மைல்ங்கிறது 'அடுத்த தடவையும் எங்ககிட்டயே வாங்க'ன்னு ஒரு மனுஷனுக்குக் கொடுக்கிற லஞ்சம். செலோ எந்த ஏர்லைன்னு முடிவு பண்றதில்லையே! இன்னொரு பயமும் உண்டு. தூரத்துக்கு மைல்ங்கிற காலத்துல, மலிவு டிக்கெட்ல நாலு காலி சீட்டை வாங்கிப் போட்டு, கொடுத்த காசைவிட அதிக மதிப்புக்கு மைல் அள்ளிட்டா?

அப்படி எவன் மெனக்கெடுவான்னு கேட்காதீங்க. 1999ல கலிஃபோர்னியாவுல டேவிட் ஃபிலிப்ஸ்னு ஒருத்தர், சாப்பாட்டுப் பொருள் வாங்கினா மைல்னு வந்த ஆஃபரைப் பார்த்துட்டு 12,150 கப் புட்டிங் வாங்கினார். செலவு சுமார் 3,000 டாலர். கிடைச்சது 12 லட்சத்துக்கும் மேல மைல்! புட்டிங்கை சால்வேஷன் ஆர்மிக்கு தானம் கொடுத்து, அவங்க ஆட்களையே லேபிள் கிழிக்கவும் வெச்சுட்டார். அவர் யாருன்னு நினைக்கிறீங்க... சிவில் இன்ஜினீயர்! நம்ம இனம்!

ஆக, அந்தக் காலத்து ரூலுக்கு ஒரு லாஜிக் இருந்தது. ஆனா ஆட்டமே மாறிடுச்சே. 2015ல டெல்டாவும் யுனைடெட்டும், 2016ல அமெரிக்கனும் தூரக் கணக்கைத் தூக்கிட்டு, கொடுக்கிற காசுக்குத்தான் மைல்னு கொண்டு வந்தாங்க. சாதாரண மெம்பருக்கு டாலருக்கு 5 மைல்னு ஆரம்பம். வரி நீங்கலா டிக்கெட் 400 டாலர்னா 2,000 மைல். அப்படின்னா ரெண்டாவது சீட்டுக்குக் கொடுத்த 400 டாலர் மட்டும் டாலர் இல்லையா? காசுக்கு மைல்னா யார் காசைக் கொடுத்தாங்கன்னுதானே பார்க்கணும்? செலோ பறந்துச்சா, உட்கார்ந்துச்சான்னு எதுக்கு ஆராய்ச்சி?

அதே 2012ல அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பெரிய இசைக்கருவியா, கூடுதல் டிக்கெட் வாங்கி, பெட்டியோட எடை 165 பவுண்டுக்குள்ளே, அதாவது சுமார் 75 கிலோவுக்குள்ளே இருந்தா, பாதுகாப்பா வைக்க முடியுற பட்சத்துல கேபின்ல ஏத்தணும்னு. இதுக்கான விதிமுறைகள் 2015ல வந்துச்சு. சீட் கிடைக்க வழி பண்ணின அந்தச் சட்டம் மைலைப் பத்தி மூச்சு விடலை.

இது வரைக்கும் சிரிச்சுட்டே படிச்சிருப்பீங்க. எனக்கும் செலோ மேட்டர் ஜாலியாத்தான் இருந்தது. ஆனா ரெண்டு சீட் வாங்குறவங்கள்ல இன்னொரு கூட்டம் இருக்கு. உடம்பு பெருசா இருக்கிறவங்க. கைப்பிடி இறங்கலைன்னா இன்னொரு சீட் வாங்குங்கன்னு பல அமெரிக்க ஏர்லைன்ஸ் சொல்றாங்க. வாங்கினா, 'நீங்க ஒரே ஆள்தானே, ஒரு சீட்டுக்குத்தான் மைல்'. பணம் வாங்கும்போது ரெண்டு, கொடுக்கும்போது ஒண்ணு! சுத்தி நூறு பேர் பார்க்க கவுன்ட்டர்ல இந்தப் பேச்சு நடக்கிறதை நினைச்சுப் பாருங்க. மைல் போனதுகூட அவங்களுக்கு ரெண்டாம்பட்சமா இருக்கும்.

சவுத்வெஸ்ட் மட்டும் ரொம்ப வருஷமா தனி ரூட். பயணம் முடிஞ்சதும் கேட்டா ரெண்டாவது சீட் பணத்தைத் திருப்பித் தந்துடுவாங்க. 2026 ஜனவரி 27ல இருந்து அதையும் இறுக்கிட்டாங்க. முன்கூட்டியே வாங்கணும், ஃப்ளைட்ல ஒரு சீட்டாவது காலியா கிளம்பியிருந்தாதான் பணம் வாபஸ் கேட்க முடியும். கனடா கதையே வேற. 2008 ஜனவரியில அந்த நாட்டு போக்குவரத்து ஆணையம், உடல் குறைபாட்டால ரெண்டாவது சீட் தேவைப்படுறவங்ககிட்ட உள்நாட்டுப் பயணத்துல ஒரே ஒரு கட்டணம்தான் வாங்கணும்னு உத்தரவு போட்டது. உடல் பருமனும் சிலருக்குக் குறைபாடாகலாம்னு அதுலயே சொல்லியிருக்காங்க. ஏர் கனடாவும் வெஸ்ட்ஜெட்டும் எதிர்த்துப் பார்த்தாங்க. சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுக்கவே இல்லை. ரெண்டாவது கட்டணமே இல்லைன்னா, அதுக்கு மைல் எங்கேன்னு யார் சண்டை போடப் போறா?

எம்.எஸ். பண்ண அமெரிக்கா கிளம்புற சீனியர்ஸ், கூட கிட்டாரோ செலோவோ வந்தா இதைக் கவனிங்க. கூடுதல் சீட்டுக்கு இன்னொரு ஆள் பேரைப் போட்டு புக் பண்ணாதீங்க. ஏர்லைனுக்குப் போன் பண்ணிச் சொன்னா, உங்க பேரோட 'ஈ.எக்ஸ்.எஸ்.டி'ன்னு குறிப்பு போடுவாங்க, எக்ஸ்ட்ரா சீட்னு அர்த்தம். பொருளுக்குன்னா 'சி.பி.பி.ஜி', கேபின் பேக்கேஜ். மைல் உண்டா இல்லையான்னு அப்பவே கேட்டுடுங்க. பயண நாள்ல ரெண்டு போர்டிங் பாஸும் கையில இருக்கணும். ரெண்டாவதை ஸ்கேன் பண்ணலைன்னா, 'ஆள் வரலை'ன்னு நினைச்சு கம்ப்யூட்டர் அந்த சீட்டை வெயிட்டிங்ல நிக்கிறவருக்குத் தூக்கிக் கொடுத்துடும். அப்புறம் செலோவை மடியில வெச்சுக்கிட்டு போக வேண்டியதுதான்!