வீட்டிலிருந்தே உத்தியோகம்: ஷாங்காயில் நடந்த பரீட்சை

சிப்பந்திகளைக் கண்ணெதிரே உட்கார வைத்தால்தான் காரியம் நடக்கும் என்பது முதலாளிகளிடையே பரம்பரையாக வந்துள்ள நம்பிக்கை. அதை ஆதரிப்பவர்களும் ஆட்சேபிப்பவர்களும் தத்தம் அனுபவத்தையே பிரமாணமாகக் காட்டி வாதாடினார்களே ஒழிய, புது மருந்தைச் சோதிக்கும் வைத்தியர்போல் ஒரு சாராருக்குக் கொடுத்தும் மறு சாராருக்குக் கொடாமலும் பலனை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வெகு சொற்பம். அத்தகைய பரீட்சை ஒன்று 2010 டிசம்பரில் ஷாங்காய் நகரத்தில் ஆரம்பமாயிற்று.

நடத்தியது சிட்ரிப் என்னும் பெரிய பிரயாண ஸ்தாபனம். நகரத்தில் கட்டட வாடகை ஏறிக்கொண்டே போக, விமானச் சீட்டும் ஓட்டல் அறையும் பதிவு செய்து கொடுக்கும் தொலைபேசிச் சிப்பந்திகளில் வருஷந்தோறும் ஏறக்குறையப் பாதிப்பேர் விலகிப்போக, இரண்டு தொல்லைக்கும் ஒரே பரிகாரம் கிடைக்குமா என்று நிர்வாகம் யோசித்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் லியாங் அச்சமயம் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் பொருளாதார ஆராய்ச்சி மாணவராகவும் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அங்கே போதித்துவந்த நிக்கோலஸ் புளூம் முதலியோர் இதில் சேர்ந்துகொண்டார்கள்.

முதலில் 996 பேரிடம் சம்மதம் கேட்டார்கள். 503 பேரே முன்வந்தார்கள். ஆறு மாத சர்வீஸ், வீட்டில் தனி அறை, பிராட்பேண்ட் இணைப்பு ஆகியவை உள்ளவர்கள் என்று சலித்தபின் எஞ்சியவர்கள் 249 பேர். லியாங் பகிரங்கமாக ஒரு பந்தைக் குடுவையிலிருந்து எடுக்க, இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வதென்றும், ஒற்றைப்படைக்காரர்கள் வழக்கம்போல் ஆபீசுக்கு வருவதென்றும் தீர்மானமாயிற்று. ஜோசியருக்கும் தோன்றாத இந்த விதிதான் பரீட்சையின் உயிர்நாடி. உற்சாகமுள்ளவர்கள் ஒரு பக்கமும் சோம்பேறிகள் மறுபக்கமும் தாமாகவே சேர்ந்துகொள்ள அதில் வழியில்லை.

ஒன்பது மாதத்துக்குப்பின் கணக்கெடுத்தபோது வீட்டுக்காரர்களின் வேலை 13 சதவிகிதம் அதிகரித்திருந்தது. இதில் 9 சதவிகிதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து கூடுதல் நிமிஷங்கள் உழைத்ததால் வந்தது. மீதி, சந்தடி இல்லாத இடத்தில் நிமிஷத்துக்குக் கூடுதல் அழைப்புகளைக் கவனித்ததால். வேலையை விட்டுப் போகிறவர்களும் பாதியாகக் குறைந்தார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் விளம்பரத்துக்குத்தான் உதவும். ஸ்தாபனம் மகிழ்ந்து, இனி வேண்டியவர்கள் வேண்டிய இடத்தில் இருக்கலாம் என்று அறிவித்ததும், வீட்டிலிருந்து வெற்றி கண்டவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர் ஆபீசுக்குத் திரும்பிவிட்டார்கள்! தனிமை தாங்கவில்லை என்பது அவர்கள் சொன்ன பிரதான காரணம். அவர்கள் அஞ்சிய வேறொன்றும் இருந்தது: சமமாக உழைத்தும், கண்ணுக்குத் தென்படாதவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிட்டியிருந்தது. எது தனக்கு ஒத்துவரும் என்பது அனுபவித்த பிறகே தெரிகிறது போலும். அப்படித் தெரிந்து அவரவரே தேர்ந்துகொண்டபின் பலன் 22 சதவிகிதமாக உயர்ந்தது.

ஆனால் தொலைபேசி அழைப்பை எண்ணிவிடலாம், யோசனையை எண்ணுவது எங்ஙனம்? இந்த ஆட்சேபம் நியாயமானதே. ட்ரிப் டாட் காம் என்று பெயர் மாறிவிட்ட அதே ஸ்தாபனம், 2021-22இல் பொறியியல், மார்க்கெட்டிங், கணக்கு முதலிய பிரிவுகளைச் சேர்ந்த 1,612 பேரைக் கொண்டு மறுபடியும் பிறந்த தேதிப்படி சோதித்தது. இம்முறை வீட்டுக்கு வாரத்தில் இரண்டே நாள், புதனும் வெள்ளியும். வேலையின் தரமோ பதவி உயர்வோ குன்றவில்லை. விலகுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். உற்பத்தி குறையும் என்று எதிர்பார்த்த மேலதிகாரிகள் முடிவில் சிறிது கூடும் என்று அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார்கள். விலகும் ஒவ்வொருவருக்கும் பதில் ஆள் தேடிப் பழக்குவதற்குச் சுமார் 20,000 டாலர் பிடிக்கும் என்று கணக்கிட்டிருந்த நிர்வாகம், அந்த ஏற்பாட்டை எல்லோருக்கும் விஸ்தரித்தது.