காவிரிப் பொம்மீனும் பெயராய்வும்

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு மீன்பெயர்கள் புதியன அல்ல. கயல், வாளை, வரால், அயிரை, ஆரல் என அவை சங்கப் பாடல்கள்தொட்டு வழங்கி வருகின்றன. எனினும், அப்பெயர்களுக்குப் பொருள் காண்போர் பலகால் 'ஒருவகை மீன்' என்று கூறி மேற்செல்வர். எவ்வகை மீன், எந்நீரில் வாழ்வது என்னும் வினாக்கள் எழுவதில்லை. இக்குறை சொற்பொருளளவில் நின்றுவிடுவதன்று. உரிய பெயரின்மை ஓர் உயிரினத்தின் அழிவுக்கே துணையாதல் கூடும். காவிரிக்கே உரிய ஒரு மீனின் வரலாற்றால் இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆறும் மீனும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி, விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த ஊர் என நாடறிந்தது. அவ்வூரை உள்ளடக்கிய பென்னாகரம் வட்டத்தின் மேற்கே, காவிரி மலைக்காடுகளினூடே வந்து ஒகேனக்கல்லில் அருவியாக வீழ்கின்றது. 'புகையும் கல்' என்னும் பொருள்படும் கன்னடச் சொற்களால் அமைந்தது அவ்விடப்பெயர். சின்னாறு காவிரியோடு கலப்பதும் ஆங்கேதான். அதற்குக் கீழே மேட்டூர் நீர்த்தேக்கம் விரிகின்றது.

பாறைகளும், ஆழ்ந்த மடுக்களும், விரைந்தோடும் தெளிநீரும் அமைந்த இத்தகைய ஆற்றுப்பகுதிகளை விரும்பி வாழ்வது பொம்மீன். ஆங்கிலத்தில் 'மகசீர்' எனப்படும் பெருங்கெண்டை இனம் இது. காவிரிப் படுகையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் காணப்படாத ஒருவகை இதனுள் உண்டு. தலைக்குப் பின்னே முதுகு திமில்போல் உயர்ந்திருத்தலும், துடுப்புகள் செம்மை சார்ந்திருத்தலும் அதன் அடையாளங்கள். கூன்முதுகுப் பொம்மீன் என அதனை ஈண்டுக் குறிப்போம். 1946-இல் காவிரியின் கிளையாகிய கபினியில் தூண்டிலிற் பிடிபட்ட மீன் ஒன்று 120 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுடையதாக இருந்தது. நன்னீர் மீன்களுள் இத்துணைப் பெருமை வாய்ந்தவை மிகச் சிலவே.

2. பெயர் மயக்கம்

இவ்வளவு பெரிய மீனுக்கு அறிவியல் உலகில் நெடுங்காலம் உரிய பெயர் இல்லை என்பது வியப்பைத் தரும். 1839-இல் சைக்சு என்பார் தக்காணத்து மீன் ஒன்றிற்கு இட்ட 'முசுல்லா' என்னும் பெயரே காவிரி மீனுக்கும் பின்னையோரால் ஏற்றி வழங்கப்பட்டது. அப்பெயர் வேறொரு பேரினத்து மீனுக்கே உரியது என்பதனைப் பிற்கால ஆய்வாளர் தெளிவுபடுத்தினர். அதனால், பெயர் பெற்றிருந்த காவிரி மீன் பெயரற்றதாயிற்று.

இதற்கிடையில், அமராவதியிற் கலக்கும் பாம்பாற்றில் கிடைத்த பொம்மீன் ஒன்றினைக் கேரள ஆய்வாளர் புதிய இனமாக விளக்கியிருந்தனர். இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சார்ந்த மீனியல் அறிஞர் ரெமாதேவி அம்மையாரைச் சிறப்பிக்கும் முகத்தான் அதற்கு 'டோர் ரெமாதேவி' எனப் பெயரிட்டனர். 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று, மோயாற்று மீன்களை உருவமைப்பாலும் மரபுக்கூற்றாலும் ஒப்பிட்டு நோக்கி, கூன்முதுகுப் பொம்மீனும் டோர் ரெமாதேவியும் ஒன்றே என நிறுவிற்று.

அதன் பயன் உடனே விளைந்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அவ்வாண்டிலேயே இம்மீனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகச் சிவப்புப் பட்டியலிற் சேர்த்தது. பெயர் உறுதிப்படாத உயிரை அப்பட்டியலில் மதிப்பிடுதல் இயலாது. ஆதலின், மீன் குறைந்துவந்த ஆண்டுகளில் அக்குறைவைப் பதிந்து காட்டுதற்கும் வழியில்லாதிருந்தது.

3. அருகியமைக்குக் காரணங்கள்

மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றது. அணை ஆற்றின் ஓட்டத்தைத் தேக்கமாக மாற்றுவதோடு, மீன்கள் மேலும் கீழும் செல்லும் வழியையும் அடைக்கின்றது. முட்டையிடுதற்குக் கடலினின்றும் ஏறிவரும் உல்லம் மீன் காவிரியில் அருகியமைக்கு இவ்வணை ஒரு பெருங்காரணம் என்பர். மணல் எடுத்தலும், வெடிவைத்து மீன் பிடித்தலும் பொம்மீனின் வாழிடத்தைக் கெடுத்தன.

இவற்றினும் நுண்ணிய கேடு ஒன்று நல்லெண்ணத்தால் விளைந்தது. மகசீர் குறைகின்றது எனக் கண்டோர், மராட்டிய நாட்டு உலோனாவாலாவில் குஞ்சு பொரிக்கச் செய்த நீலத்துடுப்புப் பொம்மீனை 1970-களிலிருந்து காவிரியில் விட்டனர். அது காவிரிக்கு உரியதன்று. கருநாடகக் காவிரிப் பகுதியில் 1998 முதல் 2012 வரை தூண்டிலார் வைத்திருந்த பிடிப்புக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு மீன் பெருகியதும் கூன்முதுகு மீன் அருகியதும் புலப்பட்டன. இரண்டினையும் 'மகசீர்' என்னும் ஒரே சொல்லால் எண்ணியிருப்பின், மீன்வளம் பெருகியது என்றே முடிவு செய்திருப்பர். பொதுப்பெயர் சிறப்பினத்தின் அழிவை மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. தமிழ் ஆய்வாளர் கடன்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) மீன்பெயர் பலவற்றிற்கு விலங்கியற் பெயரையும் சேர்த்துத் தந்தது. அது பெருந்தொண்டு. ஆயினும் அப்பெயர்களுட் சில பின்னர் மாறியுள்ளன. வராலுக்கு அந்நூல் தரும் பேரினப் பெயர் ஒபியோசெபாலசு என்பது; இன்று அது சன்னா என்னும் பேரினத்துள் வைக்கப்படுகின்றது. எனவே அப்பதிவுகளை மீளாய்தல் வேண்டும்.

களப்பணியும் இன்றியமையாதது. ஒகேனக்கல் முதலிய ஊர்களின் பரிசல்காரரும் மீனவரும் வழங்கும் மீன்பெயர், மடுப்பெயர், வலைப்பெயர் ஆகியவற்றைத் தொகுத்தல் முதற்படி. பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுதல் போதாது. எந்த மீனைக் காட்டி அப்பெயரைக் கூறினர் என்பதனை, அம்மீனின் படத்தோடும் அளவோடும் குறித்து, விலங்கியலாரைக்கொண்டு இனம் உறுதி செய்தல் வேண்டும். பொம்மீன் என்பது இரண்டு இனத்துக்கும் பொதுவாக வழங்குகின்றதா, அன்றித் திமிலும் நிறமும் பற்றிய அடைமொழியால் வேறுபடுத்துகின்றனரா எனக் கேட்டறிதல் வேண்டும்.

பெயர்கள் காலத்தையும் காட்டும். 1952-இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட திலாப்பியாவுக்கு மக்கள் 'ஜிலேபி' எனப் பெயரிட்டுக்கொண்டனர். முதியோர் நினைவில் மட்டும் வாழும் ஒரு பெயர் ஆற்றைவிட்டு நீங்கிய மீனைக் குறித்தலும், இளையோர் வாயில் மட்டும் வழங்கும் பெயர் புதிதாக வந்த மீனைக் குறித்தலும் கூடும்.

2022-இல் தமிழக அரசு தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமாக அறிவித்தது. காட்டுக்குக் காவல் அமைந்தது. அக்காட்டை ஒட்டிய நீரில் வாழ்வன எவை என்பதை உரிய பெயரால் அறிந்தாலன்றி, ஆற்றுக்கு அமையும் காவல் நிறைவுறாது. 'ஒருவகை மீன்' என்னும் உரை, எவ்வகை என்று வினவும் ஆய்வாக மாறுதல் வேண்டும். அப்பணி விலங்கியல் துறையினர்க்கு மட்டும் உரியதன்று; சொல்லை ஆராயும் நமக்கும் உரியது.